காளியம்மாவின் கனவுக்கு உடையப்பன் பெற்ற கைதட்டல்

1978 ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை. அன்று மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில், மனைவி எழுதிய கதையைக் கணவர் தம் பெயரில் படித்துக் கைதட்டல் பெற்றார். குற்றச்சாட்டு இதுவே.

கணவர் உடையப்பன், வாசகர் வட்டத்தின் செயலாளர். கூட்டம் அவர் வீட்டுக் கூடத்தில். அன்றைய பொருள், 'இலக்கியத்தில் பெண்ணின் கனவு'. ஆராய வந்தவர் அனைவரும் ஆண்கள். பொருளுக்கு வேண்டிய பெண் வீட்டிலேயே இருந்தார். உடையப்பனின் மனைவி காளியம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

கதையில் ஒருத்தி கனவு காண்கிறாள்: 'நான் தனியாகப் பேருந்தேறி லூமுட் போகிறேன். பொழுது சாயும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறாக்கியாயிற்றா என்று எவரும் கேட்கவில்லை.'

"பொம்பள மனச இப்படிப் புரிஞ்சவன் பேராக்குலயே நீ ஒருத்தன்தான், மச்சான்!" என்றார் வட்டத்தின் தலைவர் பத்துமலை.

"அந்தக் கடல் அவளோட ஆன்மாதானே அண்ணே?" என்று வினவினார் உணவுக்கடை ஷரபுதீன்.

"ஆன்மாவேதான்," என்று உடையப்பன் அடக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

காப்பித் தட்டோடு வந்த காளியம்மா அதைக் கீழே வைத்தார்.

"கடலு கடலுதான்லா. கனவு கண்டதும் நான், எழுதுனதும் நான். வட்டத்தோட ஆண்டு மலர்ல என் பேரைப் போடுங்க."

கைதட்டிய கைகள் மடிக்குத் திரும்பின. இலக்கியம் அக்கணமே ஒழுக்கப் பிரச்சினையாயிற்று.

"அப்ப லூமுட்ல யாரும்மா இருக்கா?" என்றார் பத்துமலை.

"இதுக்குத்தான் என் பேரைப் போட்டேன். சும்மா இருக்க மாட்டியா?" என்று உடையப்பன் பல்லைக் கடித்தார்.

காளியம்மா தலைவர் பக்கம் திரும்பினார்.

"போன மாசம், 'நான் அவனை வெட்டினேன்'னு ஒரு கதை படிச்சீங்களே அண்ணே. உங்களைப் பத்து காஜா ஜெயில்லயா போட்டாங்க? என்னா கற்பனைன்னு மாலைதானே போட்டாங்க!"

ஷரபுதீன் சிரித்துவிட்டார், தலைவர் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக்கினார்.

வட்டம் தீர்மானித்தது: வெட்டியவர் கதை மலரின் முதற்பக்கத்தில் வரும். பேருந்தேறியவள் கதை ஒரு குடும்பப் பெண்ணின் பெயரில் வருதல் ஆகாது. உடையப்பன் பெயரில் வருமாயின் தடையில்லை. பெயர் மாறியதும் கடல் மறுபடியும் ஆன்மாவாயிற்று.

காளியம்மா மேசைமேலிருந்த தாள்களை எடுத்து மடித்தார்.

"என் பேரு வேணாம்னா என் கனவும் வேணாம்லா. நீங்களே சொந்தமா ஒன்னு கண்டுக்குங்க."

மலர் வெளிவந்தது. 'பெண்ணின் கனவு' என்னும் பகுதியில் ஆண்கள் ஐவர் எழுதியிருந்தனர்.

வாசகரே, ஒரு பெண்ணின் கதையைப் படித்தால், கதையை மட்டும் மதிப்பிடும், அவளை விசாரிக்காதீர். உமது வீட்டில் யார் எழுதுகிறார் என்று இன்றே அடுப்படிக்குப் போய்க் கேளும். போன இடத்தில் காப்பி கேட்காதீர்.