பத்தொன்பது கடைகளின் பிரதிநிதி

ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டின் இடது பக்கத்தில் இப்போது நடைபாதை இருக்கிறது. சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்து, ஓரத்தில் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். காலையில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பூங்கோதைக்கு அந்தக் கல் கண்ணில் படுவதில்லை. அங்கே இருந்த பத்தொன்பது கடைகள்தான் தெரியும். முதலில் ஆதிலட்சுமியின் இட்லிக் கடை, அடுத்தது பூட்டுச் சாவிக்காரர், பிறகு வளையல் வண்டி, அப்படியே வரிசையாக வந்தால் ஏழாவது ராஜம்மாள், எட்டாவது அவள்.

அந்த எட்டாவது இடத்தில் அவள் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான மூன்றாம் வருஷம் தொடங்கியது அது. கணவன் மாரிமுத்து விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தான். சூளையிலிருந்து இறக்கும்போது பழுது என்று ஒதுக்கிவைக்கிற சாமான்களை அவள் வாங்கி வந்து சாக்கு விரித்துப் பரப்பினாள். காது கொஞ்சம் கோணலான டீ கப், மூடி சரியாக உட்காராத ஊறுகாய் ஜாடி, ஒரு கண்ணில் மட்டும் மை வழிந்த பொம்மை. ரயிலை விட்டு இறங்கி வருகிற சனம் அதையெல்லாம் உற்றுப் பார்க்காது. இந்த ஊருக்கு வந்ததற்கு அடையாளமாக ஒரு பீங்கான் சாமான் கையில் இருந்தால் போதும் அவர்களுக்கு.

பக்கத்துக் கடை ராஜம்மாள் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். பலாச்சுளையும் முந்திரிப்பருப்பும் விற்றாள். முதல் நாள் இடத்துக்காக இருவருக்கும் சண்டை. மூன்றாம் நாள் ஒரே தூக்கில் சாப்பிட்டார்கள். பூங்கோதைக்கு மகள் தமிழ்மணி பிறந்தபோது, இரண்டு கடைகளின் கம்புகளுக்கும் நடுவில் சேலையைக் கட்டித் தூளி போட்டார்கள். ஆட்டும் கயிறு பெரும்பாலும் ராஜம்மாளின் கால் கட்டைவிரலில்தான் இருக்கும். மழை வந்தால் எட்டுப் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே தார்ப்பாயை நாலாபுறமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது யாராவது சினிமாக் கதை சொல்லுவார்கள். மழை விட்ட பிறகும் கதை முடியும்வரை தார்ப்பாயை இறக்க மாட்டார்கள்.

பயமும் இருந்தது. யாராவது பெரிய மனிதர் ஊருக்கு வருகிறார் என்றால் கடையை எடுக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பீங்கானை அப்படி அள்ள முடியாது. வைக்கோல் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கி அவள் முடிப்பதற்குள் ரோட்டில் அவள் மட்டும்தான் இருப்பாள். இரண்டு நாள் கழித்து எல்லோரும் திரும்ப வந்து விரிப்பார்கள். எத்தனை நாளைக்கு இப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு இடமும் இல்லை.

கேட்பதற்கு ஓர் இடம் வந்தது கமிட்டி வந்த பிறகுதான். தெருவில் கடை போடுகிறவர்களைப் பற்றி நகராட்சி ஒரு முடிவு எடுப்பதானால் அதற்கென்று ஒரு குழு கூடிப் பேச வேண்டும், அதில் கடைக்காரர்களே ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆட்களும் இருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். பெண்களுக்கும் இடம் உண்டு என்றார்கள். பத்தாவது பாஸ் செய்தவள், சத்தம் போடாமல் பேசுகிறவள் என்று வரிசை முழுக்கப் பூங்கோதையின் பெயரைச் சொன்னது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் என்று கடை கடையாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவள் ராஜம்மாள்தான். ஜெயித்த அன்று அவள் பூங்கோதையின் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"அங்க போயி எனக்கு அது வேணும் இது வேணும்னு நீ எதுவும் கேக்க வாணாம். நம்ம எடத்த மட்டும் வுட்டுக் குடுத்துடாத."

"அதுக்குத்தானேக்கா போறேன்" என்றாள் பூங்கோதை.

முதல் கூட்டத்துக்கு மாரிமுத்து அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். மாடியில் நீளமான மேஜை. ஆணையாளர் நடுவில், அவருக்கு இருபுறமும் இன்ஜினீயர், போலீஸ், ஒரு டாக்டர், குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர், பிறகு கடைக்காரர்கள். பூங்கோதை சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆணையாளர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க பார்வையாளர் இல்லம்மா, உறுப்பினர். மேஜைக்கு வாங்க" என்றார். அந்தப் பத்தடி தூரத்தை நடந்து முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

இரண்டு கூட்டம் போனதும் பழகிவிட்டது. கூட்டத்தில் பேசப்போவதை எழுதி முன்கூட்டியே அனுப்பும் தாளை வரி வரியாகப் படித்துவிட்டுப் போவாள். எல்லோருக்கும் அடையாள அட்டை வந்தது. வரிசையின் கடைசியில் விளக்குக் கம்பம் வந்தது. பஸ் நிறுத்தத்துக் கழிப்பறையைப் பெண்களுக்காகக் காலை ஐந்து மணிக்கே திறக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். டாக்டர் ஆமோதித்தார். மறுவாரமே திறந்தார்கள். கூட்டம் முடிந்து வருகிற சாயங்காலங்களில் பத்தொன்பது கடைக்காரர்களும் ஆதிலட்சுமியின் அடுப்பைச் சுற்றிக் கூடுவார்கள். யார் என்ன பேசினார்கள், இன்ஜினீயர் எப்படி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார் என்பதுவரை அவள் சொல்ல வேண்டும். ராஜம்மாள் பெருமையோடு ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சாயங்காலங்களைத்தான் பூங்கோதை இன்றைக்கும் அதிகம் நினைத்துக்கொள்கிறாள்.

இரண்டாம் வருஷம், தாளில் ஆறாவதாக ஒரு வரி இருந்தது. ஸ்டேஷன் ரோட்டு நடைபாதையைச் சரிசெய்வது, அங்குள்ள கடைகளைப் பழைய குடோனை ஒட்டிய காலி மனைக்கு மாற்றுவது. மனு கொடுத்தவர் குடியிருப்போர் சங்கத்துச் சக்கரபாணி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில நாட்களாகக் குடையும் கையுமாக வந்து அவர் கடைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை வரிசையில் எல்லோரும் கவனித்திருந்தார்கள். அந்த ஆளைப் பூங்கோதைக்கு ஆகவே ஆகாது. கூட்டத்தில் எழுந்து, இருபத்தெட்டு வருஷப் பிழைப்பு என்றாள், ரயில் சனம் அந்தக் குடோன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்றாள். மற்றக் கடைக்காரர்களும் அவள் பக்கம் நின்றார்கள். ஆணையாளர் ஒரு மாதம் தள்ளிவைத்தார்.

படியிறங்கும்போது சக்கரபாணி அவளுக்காக நின்றிருந்தார்.

"உங்கமேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்கம்மா. ஆறு வருஷமா மனு குடுக்கறேன். ஒரு நாள் காலையில எட்டரை மணிக்கு என்கூட அந்த ரோட்டுல நடந்து பாருங்க. அப்பறமும் வேண்டாம்னு நீங்க சொன்னா, மனுவ நான் திரும்ப வாங்கிக்கறேன்."

தினமும் கிடக்கிற ரோட்டில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் வியாழக்கிழமை போனாள். மாரிமுத்துவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு ஸ்டேஷன் முனையிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். பத்தடி போனதுமே அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் பின்பக்கத்துச் சந்து வழியாக வந்து கடைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கடைகளின் முன்பக்கமாக, நடந்து போகிறவளாக, ஒரு நாளும் போனதில்லை.

நடக்க இடம் இல்லை. சாக்கடை மூடிமேல் கடைகள், மூடியைத் தாண்டிச் சாமான்கள். ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். பின்னால் வேப்பூர் பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கலாம் என்றால் ஒதுங்கும் இடத்தில் அவளுடைய ஜாடிகளே இரண்டு வரிசை அடுக்கியிருந்தன. களிமண் லாரி ஒன்று கண்ணாடி தோளில் உரசுவதுபோல் கடந்து போனது. எதிரே பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்துகொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டே, பார்க்காமலே, பழக்கத்தில் ரோட்டுக்கு இறங்கினார்கள். கடைசியில் வந்த சின்னப் பெண் பஸ் சக்கரத்தில் பட்டுவிடாமல் பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். தினமும் அதே இடத்தில் அப்படிப் பிடித்துக்கொள்கிறவள்போல் இருந்தது.

தமிழ்மணியும் இந்த ரோட்டில்தான் வளர்ந்தாள். ஆனால் அவள் கடைக்கு உள்பக்கத்தில் வளர்ந்தாள்.

சக்கரபாணி ஆதிலட்சுமியிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, "வரேங்கம்மா" என்று போய்விட்டார்.

அன்று மத்தியானம் ராஜம்மாளிடம்தான் முதலில் சொன்னாள். மாறிவிடலாம் என்று தோன்றுவதாகச் சொன்னாள். ராஜம்மாள் பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"உன்ன நாங்க எதுக்கு அனுப்பனோம்?"

சாயங்காலம் அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்து பேசினார்கள். சிலர் அவள் மேஜைக்கு விலைபோய்விட்டாள் என்றார்கள். ராஜம்மாள் அப்படிச் சொல்லவில்லை. அவள் அங்கே வரவே இல்லை. வீட்டில் மாரிமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான். மாற்றுவதென்றால் எல்லோரையும் சேர்த்து மாற்றச் சொல், ஆளுக்கொரு மூலையில் தூக்கிப் போட்டால் வரிசையே செத்துப்போகும்.

அடுத்த கூட்டத்தில் பூங்கோதை எழுதிவைத்திருந்ததைப் படித்தாள். மாசி மகம் முடிகிறவரை கடையைத் தொடக் கூடாது. வருஷ வியாபாரமே அதில்தான். கூரையும் தண்ணீர்க் குழாயும் போட்ட பிறகே மாற்ற வேண்டும். பஸ் அங்கேயும் நிற்க வேண்டும். கடைகளுக்கு இடம் கொடுக்கும்போது இப்போது இருக்கிற வரிசை மாறக் கூடாது. இன்ஜினீயர் கடைசி விஷயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடத்தைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்க முடியும் என்றார். அப்போது சக்கரபாணி எழுந்தார்.

"சார், அவங்க பக்கத்துல யாரு இருக்காங்கன்றதுதான் அவங்க வூடு. அத ஏன் குலுக்கறீங்க?"

பஸ் நிறுத்தம் தன் கையில் இல்லை என்று சொல்லி ஆணையாளர் மற்ற மூன்றையும் எழுதச் சொன்னார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். பூங்கோதை தூக்கினாள். அவள் கையைப் பார்த்துவிட்டு மற்றக் கடைக்காரர்களில் இரண்டு பேர் தூக்கினார்கள்.

பங்குனியில் மாறினார்கள். பத்தொன்பதில் பதினாறு கடைகள்தான் வந்தன. வளையல்காரர் வண்டியோடு நெய்வேலிப் பக்கம் போய்விட்டார். இரண்டு பேர் கடையையே விட்டுவிட்டார்கள். ஏழாவது இடத்தில் ராஜம்மாள் உட்கார்ந்தாள், எட்டாவது இடத்தில் பூங்கோதை. ராஜம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சில்லறை வேண்டுமென்றால்கூட ராஜம்மாள் எழுந்து ஆதிலட்சுமிவரை நடந்து போனாள். முதல் இரண்டு மாதம் வியாபாரம் மோசம். ரயில் சனம் அவள் சொன்னதுபோலவே எட்டிப் பார்க்கவில்லை. ரோட்டு முனையில் பெயர்ப்பலகை வைக்கச் சொல்லி மூன்று கூட்டம் பேசி அதை வாங்கினாள். பிறகு உள்ளூர்ப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். நிழலில் உட்கார்ந்து ஜாடியைத் தட்டிப் பார்த்து நிதானமாக எடுத்தார்கள். அவளுக்குப் பரவாயில்லை. ராஜம்மாளின் பலாச்சுளை பழையபடி போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் பூங்கோதைக்குப் பெரிய கஷ்டம். செய்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, பக்கத்தில் பேச்சு இல்லையே.

நாலு மாதம் போனது. ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ராஜம்மாள் முந்திரிப்பருப்பைப் பொறுக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், "கொழாயில ரெண்டு நாளா தண்ணி வரல. போறவங்க அத அங்க சொல்லணும்" என்றாள்.

"சொல்றேங்க்கா" என்றாள் பூங்கோதை. செருப்பை மாட்டும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய கூட்டத்தில் அவள் முதலில் பேசியது அந்தக் குழாயைப் பற்றித்தான். சக்கரபாணிகூடத் திரும்பிப் பார்த்தார், இவ்வளவு வேகமாக அவள் எதற்கும் பேசியதில்லை.

அதன் பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குழாய், கூரைத் தகடு, நாய்த் தொல்லை என்று கமிட்டிக்குச் சொல்ல வேண்டியவையாகவே வந்தது. பிறகு தமிழ்மணிக்கு என்ன சேதி என்பது வரைக்கும் வந்தது. பழைய இடத்துப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. எடுத்தால் அழுகை வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த வருஷம் கமிட்டிக்குக் காலம் முடிந்தது. மறுபடி தேர்தல். போதும் என்று பூங்கோதை ஒதுங்கத்தான் நினைத்தாள். வரிசையில் மூன்று பேர் வந்து சொல்லியும் பிடி கொடுக்கவில்லை. வேட்புமனு வாங்கும் கடைசி நாளுக்கு முந்தின நாள் ராஜம்மாள் அந்த மனுத்தாளை எங்கிருந்தோ வாங்கிவந்து ஜாடிகள்மேல் வைத்தாள்.

"எழுது."

"வாணாங்க்கா. நான் செஞ்சத நீங்க யாரும் மறக்கவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல."

"நீ எழுது மொதல்ல."

பூங்கோதை எழுதினாள். முன்மொழிகிறவர் கையெழுத்து என்ற இடம் வந்ததும் ராஜம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான். முந்திரித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் போய் எழுதி முடித்தாள். பிறகு தாளை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"கையெழுத்து போட்டுட்டேன். என் ஓட்டு மட்டும் உனக்குக் கெடையாது."

பூங்கோதை சிரித்துவிட்டாள். ராஜம்மாள் சிரிக்கவில்லை. வாடிக்கை ஒன்று வந்து நின்றது, சுளையை எண்ணப் போய்விட்டாள்.