தவக்காலத்தில் நான் சொன்ன நாடகம்

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீடு திரும்ப எனக்குத் தெரியாது. நல்லது என்றால் நல்லது என்பேன், குப்பை என்றால் குப்பை என்பேன். அதைக் கேட்க ஆட்கள் இருந்ததுதான் என் பாக்கியம்.

தொண்டாமுத்தூரில் ஷேக் பரீத் பாயின் வெங்காயக் கொட்டகையில் அப்போது எட்டுப் பெண்கள் வேலை செய்தோம். சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்து, பெரிதும் சிறிதுமாகப் பிரித்துச் சாக்கில் போடுகிற வேலை. கைக்குத்தான் வேலை, வாய்க்கும் காதுக்கும் ஒன்றும் இல்லை. என் வீட்டில் ஒரு சின்ன கறுப்புவெள்ளை டிவி இருந்தது. டூரிங் கொட்டகையில் படம் மாறினால் முதல் வாரமே போய்விடுவேன். மறுநாள் வெங்காயக் கொட்டகையில் கதை சொல்வேன், கூடவே என் அபிப்பிராயத்தையும் சொல்வேன்.

பனிமலைப் பாட்டில் கதாநாயகன் கோட்டு, கம்பளி, தொப்பி என்று மூடிக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணை மட்டும் மெல்லிசுச் சேலையில் ஆடவிட்டார்கள் ஒரு படத்தில். அவளுக்குச் சளி பிடித்திருக்குமே என்ற கவலையில் பாட்டே காதில் விழவில்லை என்றேன். துப்பறியும் நாடகம் ஒன்றில் எவனுக்குப் பேச்சுக் குறைவோ அவன்தான் கொலைகாரன் என்று இரண்டாம் வாரமே சொன்னேன், அப்படியே ஆனது. இந்தியிலிருந்து தமிழ் பேசவைத்த புராணத் தொடர் ஒன்றில், ராஜா வாயை மூடின பிறகும் அவர் குரல் வந்துகொண்டிருக்கும். இருந்தாலும் அதை நல்ல தொடர் என்றேன். அதில் பெண்கள் சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். என் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் படத்துக்குப் போவதும் போகாததும்.

அவர்கள் என்றால், என்னைத் தவிர மற்ற ஏழு பேரும் மாதா கோயில் வீதிக்காரர்கள். தொண்ணூற்றேழாம் வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில், கறி சாப்பிடாமல் இருப்பது பெரிய காரியமில்லை, உங்களுக்கு உண்மையிலேயே பிரியமான ஒன்றை விட்டுப் பாருங்கள் என்றாராம். வீதிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, ஈஸ்டர் வரைக்கும் டிவி பார்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போன பிறகுதான் செவ்வாய்க்கிழமை நாடகம் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. கிரிஜா என்று ஒரு பெண். புருஷன் சேகர், பேங்கில் ஆபீசர். முந்தின நாள்தான் சேகர் அவளை அடித்திருந்தான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாமல் நாற்பது நாள் எப்படி இருப்பது?

அவர்களில் அன்புக்கரசிதான் என்னைக் கைகாட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். மாசாணியக்காவுக்குத் தவக்காலம் கிடையாது, அவங்க பார்க்கட்டும், புதன்கிழமை நமக்குச் சொல்லட்டும், நாம் கண்ணால்தான் பார்ப்பதில்லை என்று நேர்ந்தோம் என்றாள். காதால் கேட்பது பாவமா என்று சாமியாரிடம் கேட்கலாமே என்றேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதால் ஒருத்தியும் கேட்கவில்லை.

இந்த ஏழு பேரில் அருள்செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இருபத்தாறு வயது. மூன்று வயதில் டீனா என்று ஒரு பெண் குழந்தை. புருஷன் பிரகாசம் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் வேலை செய்தான். அடி பொறுக்காமல் பொங்கலுக்கு முன்னாலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தவக்காலம் ஆரம்பித்த வாரம் பிரகாசம் அவன் மாமனிடம் சொல்லி அனுப்பினான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வருவேன், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று. போவதா இல்லையா என்று அண்ணன் கேட்டான், அண்ணி கேட்டாள். யோசிக்கிறேன் என்பாள். கொட்டகையில் மற்றவர்கள் கிரிஜாவின் கதையைப் பொழுதுபோகக் கேட்டார்கள். அருள்செல்வி வைத்தியரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

முதல் இரண்டு வாரம் பார்த்ததைப் பார்த்தபடிதான் சொன்னேன். கிரிஜா அம்மா வீட்டுக்கு வந்தாள். அம்மா அழுதாள், அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம், கிரிஜா ஒரு பெட்டியும் குழந்தையுமாக பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள், கரண்ட் போய்விட்டது. நாடகம் முடிகிற நேரம் தாண்டித்தான் வந்தது.

மறுநாள் ஏழு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனசு வரவில்லை. கிரிஜா திருப்பூர் பஸ்ஸில் ஏறினாள் என்று சொன்னேன். அரிவாள்மணையில் அருள்செல்வியின் கை நின்றுவிட்டது.

"திருப்பூருக்கா? அங்க யாருங்க்கா இருக்காங்க அவளுக்கு?"

"யாரும் இல்ல கண்ணு. போறா, அவ்வளவுதான்."

அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

நாலாம் வாரம் டிவியில் பார்த்தால், கிரிஜா பஸ் ஏறவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கோயிலுக்குப் போனாள். அங்கே ஒரு அம்மாள் பொறுமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். கிரிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத் திரும்பிப் போனாள். சேகருக்குக் காய்ச்சல். எனக்கு வந்த கோபத்தில் டிவியை அணைத்துவிட்டேன். அடித்தவனுக்குக் காய்ச்சல் வரவைத்துவிட்டால் அடி வாங்கினவள் போய்ப் பத்துப் போட வேண்டும், இதுதான் இவர்களுக்குத் தெரிந்த ஒரே கதை. இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கதையை அருள்செல்வியின் காதில் நான் போடமாட்டேன்.

புதன்கிழமை கிரிஜாவைத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்த்தேன். அடுத்த வாரம் அவளுக்குத் தனி மிஷின் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் சூப்பர்வைசர் ஆக்கினேன், சேகரைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கவைத்தேன். டிவியில் அதே கிரிஜா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் மருதாசலம் டீக்கடையில் நான் சொன்ன கதையை யார் வாயிலோ கேட்டுவிட்டு வந்து, நாடகத்தில் அப்படி வரவில்லையே என்றார். நான் பார்த்த நாடகத்தில் வந்தது என்றேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஈஸ்டர் வந்தது. அடுத்த செவ்வாய் கடைசி வாரம். ஏழு பேரும் நேர்த்தி முடிந்த சந்தோஷத்தில் என் வீட்டுக்கே பார்க்க வந்துவிட்டார்கள். வராதீர்கள் என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

சேகர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கிரிஜா காலடியில். சொல்லாமல் வீட்டை விட்டுப் போனதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்றான் அவன். அவள் அழுதாள், மாமியார் அழுதாள், வீணை வாசித்தார்கள், வணக்கம் போட்டுவிட்டார்கள். திருப்பூர் எங்கே என்று முதலில் ஒருத்தி கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அருள்செல்வி தூங்கின குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்து போனாள்.

மறுநாள் கொட்டகையில் அன்புக்கரசி என்னை விடவில்லை. பிரகாசம் வர இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது, அந்தப் புள்ளை உங்கள் கதையை நம்பி என்ன முடிவு எடுத்து வைத்திருக்கிறதோ, ஒரு குடும்பத்தோடு விளையாடிவிட்டீர்களே என்றாள். நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துவிட்டு அருள்செல்வி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணாவது வாரத்துல இருந்து நெஜமா என்ன வந்துச்சோ அதை மட்டும் சொல்லுங்க்கா. உங்க அபிப்பிராயம் வேண்டாம்."

சொன்னேன். கரண்ட் போனதிலிருந்து ஆரம்பித்து, கோயில், பின்வாசல், காய்ச்சல், கஞ்சி என்று பார்த்தது பார்த்தபடி. ஒரு வார்த்தை கூட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எந்தக் கதையும் சொன்னதில்லை. முடித்தபோது அவள் சோறு அப்படியே இருந்தது.

"அவன் அடிச்சானே, அதுக்கு அடுத்த சீன்ல அவ கன்னம் எப்படி இருந்துச்சுங்க்கா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். பவுடர் போட்டு, பொட்டு வைத்து, நன்றாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன்.

"எனக்கு ஒம்போது நாள் இந்தப் பக்கம் சோறு மெல்ல முடியல. ரசத்துல கரைச்சுக் குடிச்சேன். டீனா என் மூஞ்சியப் பாத்துப் பயந்து பக்கத்துல வரல. இந்த நாடகம் எழுதுன ஆளு அடி வாங்குன பொம்பளைய ஒரு தடவகூடப் பாத்தது இல்லீங்க. அவன் பேச்ச நான் எதுக்குக் கேக்கோணும்?"

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"சிரிக்காதீங்க. உங்களுதும் அப்படித்தான். திருப்பூர்ல எறங்குன அன்னைக்கே அவளுக்கு ரூமு, அடுத்த வாரம் மிஷினு. அவ மிஷின்ல உக்காந்திருக்கறப்ப புள்ளைய யாருங்க்கா பாத்துக்கிட்டா? நான் ஒவ்வொரு வாரமும் அத சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லவே இல்ல. நீங்களும் என்னைப் பாக்கல, கதையத்தான் பாத்தீங்க."

எத்தனையோ படத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட நான் அந்தக் குழந்தையை மறந்துதான் போயிருந்தேன். தப்புப் பண்ணிவிட்டேன் கண்ணு என்றேன். அவள் ம் என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள், எல்லாவற்றையும்.

வியாழக்கிழமை காலையில் வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் அவள் நேரே ஷேக் பரீத் பாயிடம் போனாள். வெங்காயம் முடிந்தால் எங்களுக்கு வேலையும் முடிந்துவிடும். வருடம் முழுக்க உள்ள வேலை தராசு ஓரத்தில் நிற்கிற வேலைதான், காய்கறி வரத்தை நிறுத்துச் சாக்குக்குச் சீட்டுக் கட்டுவது. அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டாள். பாய், அது ஆம்பிளை வேலை ஆச்சே அம்மணி என்றார். தூக்குவதற்குத்தான் ஆம்பிளை வேண்டும், தராசு முள்ளைப் பார்க்க வேண்டாமே என்றாள் இவள். குழந்தையும் இங்கேயே இருக்கும், இன்னொரு இடத்தில் விட்டுவிட்டு வர எனக்கு ஆள் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். பாய் தாடியைத் தடவினார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னாள். பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்றாள். பூசை முடிந்து ஜனங்கள் மாதா கோயில் வாசலில் கலைந்துகொண்டிருந்தார்கள். பிரகாசம் வேப்பமரத்தடியில் நின்றான். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் குழந்தைக்கு ஒரு கவுன் வைத்திருந்தான். இளைத்திருந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். டீனா அப்பா என்று ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அருள்செல்வி தடுக்கவில்லை.

அவன் நிறையப் பேசினான். ரூம் மாற்றிவிட்டேன், குடியை விட்டுவிட்டேன், தண்ணீர்க் குழாய் வாசலிலேயே இருக்கிறது என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"இனிமே உன்மேல கை வெக்க மாட்டேன், அருளு."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும். நான் வரலீங்க." அவன் காலடியில் நின்ற குழந்தையைக் காட்டினாள். "புள்ளையப் பாக்கோணும்னா ஞாயித்துக்கெழம இங்க வாங்க. எல்லாரும் இருக்கற எடத்துல பாருங்க. நான் மறிக்க மாட்டேன்."

அவன் கண் என் பக்கம் திரும்பியது. ஊரில் அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது? இந்த டிவிக்காரம்மாவா?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அருள்செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டிவில வந்தது வேறைங்க. அவங்க சொன்னது வேற. இது நான் சொல்றது."

அவன் குனிந்து கவுனைக் குழந்தையின் தோளில் வைத்து அளவு பார்த்தான். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. அதை அருள்செல்வி கையில் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தான். காந்திபுரம் பஸ் வரும்வரை அங்கேயே, இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றான். பஸ் வந்தது. ஏறிப் போனான்.

அப்போதுதான் அவள் கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு எங்கே போவது என்று பார்ப்பதற்குள், அன்புக்கரசி ஒரு சொம்போடு வந்துவிட்டாள். புதன்கிழமை என்னைக் கேள்வி கேட்ட அதே அன்புக்கரசிதான். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, சேலையைச் சுருட்டிக்கொண்டு அருள்செல்விக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள்.