வலியில் கேட்ட பெயர்

தேம்ஸ் ஆற்றில் நீர் வடிந்து சேறு மணக்கும் முற்பகற் பொழுதில், பாலத்தின்மேல் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்க, அவற்றினூடே வண்டிகளும் பன்றிகளும் வாத்துக்கூடை சுமந்த பெண்டிரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே ஊர்ந்து செல்ல, கோயில் மணிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பத்தடித்து ஓய, கரிப்புகையில் மூழ்கிக் கிடந்தது இலண்டன் மாநகர். அதன் கீழைப் பகுதியில், எதிரெதிர் வீட்டார் சாளரம்வழிக் கைநீட்டி நெருப்பு வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குறுகிய ஈயக்காரர் சந்து என்றொரு சந்து உண்டு. படிப்போரே, அச்சந்தில் இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்தவன் நான். அங்கே ஒருவன் தும்மினால் ஒன்பது வீட்டார் வாழ்த்துவார்கள். ஆயினும் அன்று நடந்ததை மட்டும் தாங்கள் கேட்கவே இல்லை என்று எல்லாரும் சாதித்தார்கள். அந்த எல்லாரில் நானும் ஒருவன்.

சந்தின் கடைசி வீட்டு மேன்மாடத்தில், கூரை தலையில் முட்டும் சிற்றறையில், வைக்கோற் படுக்கைமேல் டாம்சின் என்னும் இருபது வயதுப் பணிப்பெண் பேறுவலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மணமாகாதவள், துணி வணிகர் ஆம்புரோஸ் பெல்லின் வீட்டில் மூன்றாண்டுகள் அடுப்பூதி, வயிறு மேடிட்டது கண்ட அவ்வீட்டம்மையால் வெளியே தள்ளப்பட்டவள். தந்தை யாரென்று தெரியாத பிள்ளையை அவ்வட்டாரத்துப் பங்குக் கோயிலே ஊட்டி வளர்க்க வேண்டும் என்பது அந்நாட்டு முறை. அச்சுமை தலையில் விழாதிருக்க, கணவனில்லாதவள் பேற்றுக்குக் கிடக்கையில் மருத்துவச்சி தந்தையின் பெயரைக் கேட்பாள்; பெயர் வரும்வரை கை வைக்கமாட்டாள். வலியின் உச்சத்தில் எந்தப் பெண்ணும் பொய் சொல்லமாட்டாள் என்று திருச்சபைத் தலைவராகிய ஆயர் முதல் அங்காடிக்காரி வரை அனைவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவன் எவனோ, அவன் ஒருநாளும் பிள்ளை பெற்றவன் அல்லன்.

மருத்துவச்சி மார்ஜரி தொழிலறிந்தவள், கொடியவளும் அல்லள். அவளருகே சான்றுக்கு வந்து நின்றவர்கள் இருவர்: ரொட்டி சுடுபவன் மனைவி ஊர்சுலா, மெழுகுதிரி விற்கும் கைம்பெண் ஜில்லியன். படிக்கட்டின் அடியில், சொல்லப்படும் பெயரைக் கேட்டெழுதும் பொறுப்பேற்று நின்றவரோ பங்கின் கணக்கும் ஏடும் பார்க்கும் அவ்வாண்டுக் கோயிற் கண்காணியாகிய ஆம்புரோஸ் பெல்லே. சந்தின் ஒன்பது வீடுகளும் அவருடையவை. குடியிருந்த நாங்கள் அவர் நிழலைக்கூட மிதிக்காமல் நடக்கப் பழகியவர்கள். மார்ஜரி ஒழுக்கமுள்ளவள் என்று ஆயருக்கு எழுதிக்கொடுத்து, அவள் தொழில் செய்ய இசைவு வாங்கித்தருபவரும் அவரே.

“பேரச் சொல்லுடி,” என்றாள் மார்ஜரி, கைகளைக் கட்டிக்கொண்டு. “ஆயர் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்கேன். பேரு வராம தொடமாட்டேன்.”

“புள்ள குறுக்க நிக்குதும்மா. கைய வையிங்கம்மா.”

“தெரியுது. பேரு?”

“சொல்லித் தொலையேன்டி,” என்றாள் ஊர்சுலா. “வாங்கிக்கத் தெரிஞ்சவளுக்குச் சொல்லத் தெரியலையாக்கும். அங்க என் அடுப்புல ரொட்டி தீயுது.”

டாம்சின் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பதினோரு மணி அடித்தது. அடுத்து வந்த வலி அவள் உறுதியை முறித்தது. சாளரமெல்லாம் திறந்திருந்த அச்சந்து முழுவதும் கேட்கும்படி அவள் கூறினாள்:

“ஆம்புரோஸ் பெல். எங்க எசமான்தான்.”

ஜில்லியன் தன் மேலாடையில் இல்லாத தூசியைத் தட்டினாள். கீழே ஓர் இருமல் எழுந்தது. நோயாளியின் இருமல் அன்று, பெரியமனிதர் பேசுமுன் தொண்டையைச் சரிசெய்யும் இருமல்.

“வலியில பொண்ணு ஏதோ பெனாத்துது. நிதானமா இன்னொரு தடவ கேளுங்கம்மா. நான் நிக்கிறேன், அவசரமில்ல.”

மார்ஜரியின் முகம் வெளுத்தது. அவள் ஊர்சுலாவைப் பார்த்தாள். ஊர்சுலா சுவரைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல,” என்றாள் மார்ஜரி. “ஊர்சுலா, ஒனக்குக் கேட்டுதா?”

“எனக்கு அந்தப் பக்கத்துக் காது மந்தம்க்கா.”

“நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்,” என்றாள் ஜில்லியன்.

“வேற பேரு சொல்லுடி, டாம்சின். இது பேரில்ல.”

“அதாம்மா பேரு.”

மும்முறை அவள் உண்மையைச் சொன்னாள்; மும்முறையும் அது பெயராக ஏற்கப்படவில்லை. வைக்கோல் நனைந்து சிவந்தது. மார்ஜரியின் கண்களில் நீர் வழிந்தது. ஆனால் கட்டிய கைகள் அவிழவில்லை. உண்மைக்காகத் தோன்றிய ஒரு வழக்கம் பொய்க்காக ஓர் உயிரைப் பிழிந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒவ்வொருவராகச் சாளரங்களைச் சாத்தினோம்.

அவ்வேளையில் தெருவில், மரக்குடத்தைத் தோளில் சுமந்து ஊற்றுநீர் விற்கும் டிக்கன் வழக்கம்போல் கூவிக்கொண்டு போனான். டாம்சின் வேலைசெய்த வீட்டு வாயிற்படிக்குமேல் ஒருநாளும் ஏறாதவன் அவன். டாம்சின் அக்குரலைக் கேட்டாள்.

“டிக்கன்,” என்றாள்.

“எந்த டிக்கன்?”

“தண்ணிக்காரன்.”

அச்சொல் முடியுமுன் மார்ஜரி மண்டியிட்டுவிட்டாள். மூவர் காதுகளும் ஒரே நொடியில் குணமாயின. நண்பகலுக்குச் சற்று முன்னர், திருப்பியெடுக்கப்பட்ட பெண்மகவு ஒன்று நீலம் பாரித்துப் பிறந்து, முதுகில் தட்டப்பட்டு அழுதது. தாயும் பிழைத்தாள்.

டிக்கன் மறைநூலின்மேல் கைவைத்து மறுத்தான். கண்காணி அவன் தோளில் பரிவோடு தட்டி, “வலியில பொய் சொல்லுவாளாப்பா?” என்று கேட்டார். சனவரியில் மணமுடிக்க அவனுக்குப் பேசியிருந்த பெண்ணை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். ஊற்றடியில் தோழர்கள் அவன் குடத்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். கோயில் விதித்த தண்டனையாக, மூன்று ஞாயிறுகள் டாம்சினும் டிக்கனும் வெள்ளைத் துணி போர்த்து, வெறுங்காலுடன், கையில் வெண்கோல் பிடித்துப் பங்கு மக்கள் முன் நின்று, செய்த குற்றத்தை அவளும் செய்யாத குற்றத்தை அவனும் உரக்கச் சொன்னார்கள்.

மூன்றாம் ஞாயிறு கூட்டம் கலைந்தபின், கோயில் முகப்பில் டிக்கன் அவளை மறித்தான்.

“நான் ஒனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம் ஏன் எம் பேரு?”

“நெசப் பேர மூணு தடவ சொன்னேன். அது பேரில்லன்னுட்டாங்க. செத்துக்கிட்டிருந்தேன். அப்ப நீ கூவின.”

“நெசப் பேரு எது? இப்பச் சொல்லு, கூட்டத்தக் கூப்பிடுறேன்.”

“அவங்களுக்கெல்லாம் தெரியும், டிக்கன்,” என்றாள் அவள். “கேட்டவங்கதான் எல்லாரும்.”

அவன் அவளைத் திட்டுவான் என்று, தூண்மறைவில் நின்ற நான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். “நான் அன்னைக்கு வேற தெருவுக்குப் போயிருக்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டுப் போனான்.

பங்கு ஏட்டில் இன்றும் அதைக் காணலாம். டாம்சின் பெற்ற மகள், தந்தை நீர் சுமக்கும் டிக்கன் என்று ஒரு வரி. பக்கத்தின் அடியில், மேலே எழுதியவை யாவும் மெய்யென்று உறுதிகூறி, வடிவான எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார் கண்காணி ஆம்புரோஸ் பெல். அக்குழந்தையின் தந்தை பெயர் அந்தப் பக்கத்தில் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, படிப்போரே. இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்துக்கு நான்கு விரற்கிடை கீழே.