முழு நிமிஷம்

கட்டிலில் கிடந்தவரின் மணிக்கட்டிலிருந்து சின்ன டாக்டர் விரலை எடுத்ததும், "முழு நிமிஷம் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பார்த்தது பதினைந்து விநாடி. கண், மார்பு எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஆனால் கட்டிலில் கிடந்தவர் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர்; கேட்பதோ அவர் மனைவி. மறுபடி விரலை வைத்தார்.

பெரிய டாக்டரின் இதயம் பத்தொன்பது வருஷமாகத் தாளம் தப்பிக்கொண்டிருந்தது. இரண்டு துடிப்பு ஒழுங்காக வரும், ஒன்றை விழுங்கும், பிறகு விட்டதைப் பிடிக்க ஓடும். ஊரார் நெஞ்சுக்கெல்லாம் தைரியம் சொன்ன மனுஷன், தன் நெஞ்சு படபடத்தால் மட்டும் சோபாவில் சாய்ந்து மனைவியிடம் விடைபெறுவார். பீரோ சாவி இருக்கும் இடம்வரை சொல்லி முடிப்பார். அரை மணியில் எழுந்து காபி கேட்பார். பதினோரு தடவை இப்படிப் போய்த் திரும்பியவர், இன்று காலை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே அவர் போய்விட்டார் என்று அவள் நம்புவதாக இல்லை.

தினமும் அவருக்கு நாடி பார்ப்பது அவள்தான். "தாளம் தப்புற நாடிய அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கக் கூடாது, முழுசா எண்ணணும்" என்பார். அவள் கட்டைவிரலை வைப்பாள். அதற்குத் தனித் திட்டு.

"அதுல உன் நாடிதான் துடிக்கும். நான் செத்தாலும் நீ எண்பதுன்னு சொல்லுவ."

நிமிஷம் முடிந்து சின்ன டாக்டர் தலை குனிந்துகொண்டார்.

"இருங்க. நடுவுல நிக்கும், அப்புறம் வரும். அவர் பழக்கம் அது" என்று அவரை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். போதும் அண்ணி என்று கையைப் பிடித்த நாத்தனாரையும் பொருட்படுத்தவில்லை. கட்டைவிரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

சின்ன டாக்டர் பதறிக் குனிந்தார். அவள் விரலைப் பார்த்தார். நிமிர்ந்துகொண்டார்.

இருபது. முப்பது. நாற்பது. ஒன்றைக்கூட விழுங்கவில்லை, எங்கும் ஓடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவது போல அடக்கமாக வந்தது. இந்த ஒழுங்கு அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

கடிகாரத்தில் அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. இரண்டால் பெருக்காமல், மீதியையும் எண்ணினாள்.