லொறியில் வந்த மாமர நிழல்

வெள்ளவத்தையில் வெட்டிய மாமரத்தின் நிழல், ஆளை உயரத் தூக்கும் பூம் லொறியில் ஏறிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டது. கிளைகளை மெஷின் தூளாக்கியிருந்தது, அடிமரம் பலகை அரியும் மரக்காலைக்குப் போயிருந்தது, நிழலுக்கு மட்டும் போக்கிடம் இல்லை. மறுநாள் காலை கிறீஸ் அடிப்பதற்காக லொறியின் நீண்ட கையை நிமிர்த்திய பிறிஜெற், முற்றம் முழுக்க இலை இலையாக இருட்டு விழுவதைக் கண்டாள். மேலே பார்த்தால் ஆளைத் தூக்கும் கூடையும் வெறும் வானமும்தான். மெஷினோடு பிழைப்பவர்கள் எதையும் முதலில் பழுது என்றுதான் நினைப்பார்கள். அவளும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். காற்றே இல்லாமல் நிழல் அசைந்தது. சரி போகட்டும் என்று கிறீஸ் அடித்து முடித்தாள்.

மரம் வெட்டும் அந்தத் தொழிலைத் தொடங்கியவன் அவளுடைய புருஷன். பிறகு அவன் இத்தாலிக்குப் போனான். முதல் வருஷம் தினமும் போன் எடுத்தான், அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தான், அதற்கப்புறம் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் எடுத்தான், பிறகு நம்பரே மாறிவிட்டது. லொறியும் கிளை அரைக்கும் மெஷினும் சங்கிலி வாள்களும் அவள் தலையில் விழுந்தன. வாளின் பல்லை அரத்தால் தீட்டவும், பெற்றோலில் எண்ணெய் கலக்கவும், மழுங்கிய பிளேட்டைக் கழற்றித் திருப்பிப் போடவும் விரலை வெட்டி வெட்டியே பழகிக்கொண்டாள். மெஷின்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவை கதைப்பதில்லை என்பதைத் தவிர. சில நாட்களில் பொழுதுபட்ட பிறகுதான் அன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வரும். அப்போது வாய் கசக்கும்.

நிழல் வந்த வழியைச் சொன்னவன் கிருஷ்ணராஜ். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து அவளிடம் மரம் ஏறுபவன். வாளை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மரத்தைத் தொட்டு, அதில் குடியிருப்பவர்களைப் போகச் சொல்லி, பக்கத்து மரத்தைக் கைகாட்டுவது அவன் வழக்கம். வெள்ளவத்தையிலும் பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிவிட்டான்.

"அக்கா, அந்த லேன்ல வேற மரமே இல்ல. எல்லாம் மாடி மாடியா பிளட்டு. நா கைய நீட்டுன எடத்துல நம்ம லொறிதான் நின்னுச்சு" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

அன்றிலிருந்து லொறி போன இடமெல்லாம் நிழலும் போனது. கையை மடக்கினால் சுருண்டு கூடைக்குள் படுத்துக்கொள்ளும்; நிமிர்த்தினால் பாதி ரோட்டை மூடும். ரேடியேற்றர் தண்ணீர் கேட்பதை நிறுத்தியது. கிராண்ட்பாஸில் மறித்த பொலிஸ்காரர் கொஞ்ச நேரம் அதற்குள் நின்று கழுத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னார். பொழுதுபடும்போது காகங்களின் நிழல்கள் வந்து அடைந்தன, காகங்கள் இல்லாமல்.

பின்னேரங்களில் இன்னொன்றும் வந்தது. நிழலின் நடுவே ஒரு சாய்மனைக் கதிரையின் நிழல், அதில் தலையைச் சரித்தபடி ஒரு பெண்ணின் நிழல். பிறிஜெற் பயப்படவில்லை. ஒரு வாரம் போனதும் அதன் பக்கத்தில் ஒரு பக்கீஸ் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் தேத்தண்ணி இரண்டு கோப்பையாகியது. பிறகு கதைக்கவும் தொடங்கினாள்: ஹோஸ் வெடித்தது, பல்லி விழுந்தது, இத்தாலியில் இப்போது குளிர்காலம் என்பது. நெடுநாளைக்குப் பிறகு அவள் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தாள், மறைப்பானேன்.

அப்போதுதான் சிவபாதசுந்தரம் வந்தார். மரம் நின்ற வீட்டுக்காரர். இலை விழுந்து கூரைப் பீலி அடைக்கிறது என்று பக்கத்துப் பிளட்காரர் முறையிட, கனடாவிலிருந்து மகன் போனிலேயே மரத்தை வெட்ட ஒழுங்கு செய்ய, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர். லொறி புறப்படும்போதுதான் எட்டிப் பார்த்திருக்கிறார். கதிரையின் நிழல் லொறியோடு போவதைக் கண்டு ஓட முயன்று முடியாமல் நின்றுவிட்டார். பிறகு ஒருநாள் பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்குள் இருந்தபடியே லொறியைக் கண்டு, கதவில் எழுதியிருந்த போன் நம்பரைப் பிடித்து வந்திருக்கிறார்.

"பிள்ளை, நான் மரத்தைக் கேட்டு வரேல்லை. அதுக்குள்ள இருக்கிறது காலமான என்ர மனுசி கனகேஸ்வரி, பின்னேரத்தில அந்த மரத்துக்குக் கீழதான் சாய்ஞ்சிருப்பா. அவவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

பிறிஜெற் லொறியைத் திரும்பிப் பார்த்தாள். "இன்டைக்கு ஏலாது ஐயா. ஹோஸ் லீக்" என்றாள்.

அது பச்சைப் பொய். பொய்யை மெய்யாக்க, அவர் போனதும் நல்ல ஹோஸ்களையெல்லாம் கழற்றிப் போட்டாள். லொறியின் கை நிமிர்ந்தபடி நிற்க முட்டுக்கட்டையும் கொடுத்தாள். அவர் மறுநாளும் வந்தார். வால்வ் பழுது என்றாள். அதற்கடுத்த நாள் சீல் வரவேண்டும் என்றாள். லொறி நகராததால் கிருஷ்ணராஜ் கயிற்றில் தொங்கி வேலை பார்த்தான். அவன் தோள் உரிந்தது. சிவபாதசுந்தரம் சண்டை பிடிக்கவில்லை. தினமும் வந்து, கதிரை நிழலுக்குப் பக்கத்தில் அந்தப் பக்கீஸ் பெட்டியை இழுத்துப் போடுவார். தன் நிழல் மனைவியின் நிழலை மிதித்துவிடாதபடி பார்த்துப் பார்த்து, வெயில் நகர நகரப் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருப்பார். பிறிஜெற் வாளைத் தீட்டுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு அதைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அந்தப் பெண்ணின் மடியிலேயே தன் நிழலைப் போட்டுக்கொண்டு கதைத்திருக்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது.

அன்றே ஹோஸ்களைப் பூட்டி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றி, முட்டுக்கட்டையை எடுத்து, லொறியின் கையை முழுதாக நிமிர்த்தினாள். போகச் சொல்லும் அந்த வார்த்தையைச் சொல்லக் கிருஷ்ணராஜைக் கூப்பிட்டாள். அவன் மறுத்துவிட்டான்.

"இப்ப அது ஒங்க லொறியில குடியிருக்கு அக்கா. நீங்கதான் சொல்லணும்."

வெள்ளவத்தையில் கைகாட்ட ஒரு மரமும் இல்லை. சிவபாதசுந்தரம் யோசித்துவிட்டு எழுந்து முற்றத்தின் நடுவில் நின்று தன் மெலிந்த கையை உயர்த்தினார். "என்னைக் காட்டுங்கோ, பிள்ளை."

பிறிஜெற் என்ஜினை நிறுத்தினாள். லொறியைத் தொட்டாள். "இங்க இருக்கிறவங்க எல்லாரும் தயவுசெய்து அங்க போங்க" என்று சொல்லி, அவரைக் கைகாட்டினாள். நிழல் பூம் கையிலிருந்து இறங்கி, நிலத்தால் ஊர்ந்து போய் அவர்மேல் ஏறியது. அவர் கையை இறக்கிய பிறகும் அது இறங்கவில்லை.

இப்போது வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சிவபாதசுந்தரம் வரும்வரை காத்திருந்து அவருடைய மாமர நிழலுக்குள் சேர்ந்து நிற்கிறார்கள். பின்னேரம் அவர் கடற்கரைப் பக்கம் போய் ரயில் பாதையோரக் கல்லில் உட்காருவார். பக்கத்தில் கதிரை நிழல் இருக்கும். கிருஷ்ணராஜ் இப்போதெல்லாம் திரும்பிப் பார்த்துத்தான் கையை நீட்டுகிறான். கொட்டாஞ்சேனை முற்றத்தில் வெயில் நேரே விழுகிறது, ரேடியேற்றர் மறுபடி தண்ணீர் கேட்கிறது, பிறிஜெற் ஊற்றுகிறாள். தேத்தண்ணி ஒரு கோப்பைதான்.

போகச் சொன்ன நேரத்தில் எங்கேயோ போயிருந்த ஒரு காகத்தின் நிழல் மட்டும் பொழுதுபட வந்து பூம் கையில் அடைகிறது. அவள் ஒரு பிடி சோற்றை லொறியின் என்ஜின் மூடிமேல் வைக்கிறாள். காலையில் சோறு அப்படியே இருக்கும். சோற்றின் நிழல் மட்டும் இருக்காது. அவள் வேலையைத் தொடங்குமுன் அந்தச் சோற்றைத் தானே சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கிறீஸ் அடிக்கப் போகிறாள்.