ஓரம் அடிக்காத கவுன்கள்

நாற்பது நாள் நிறையும் முன்பே இறந்துபோன நிஹோலாவுக்கு ஏழு வயதானபோது, அவளுடைய கவுன்களில் வலது முழங்கை மட்டும் சீக்கிரம் நைய ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது, மேசையில் கையை ஊன்றி எழுதுகிறாள் என்றாள் அவளுடைய அம்மா முக்காரம். மர்கிலானில், பட்டு ஆலைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் இதை யாரும் மறுக்கவில்லை. ஏழு வயதில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவதுதானே. முக்காரம் அதற்குப் பிறகு முழங்கைக்கு உள்ளே இன்னொரு துண்டு வைத்துத் தைத்தாள்.

முக்காரம் ஊருக்குத் தைப்பவள் இல்லை, வீட்டுக்குத் தைப்பவள். சீதனமாக வந்த கைச்சக்கர மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, புருஷன் எர்காஷுக்குச் சட்டை, மெத்தை உறை, தனக்கு நீள அங்கி என்று எல்லாவற்றையும் தானே தைத்துக்கொள்வாள். கடைச் சட்டை போட்டவர்களைத் தெருவில் நிறுத்தி, தோள்பட்டை இழுக்கிறதே, யார் செய்த பாவம் இது என்று கேட்டுவிடுவாள். துணியில் பிசிறு தொங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது. நிஹோலா பிறந்ததும் எர்காஷின் அக்கா ஹோசியத், தொண்ணூறு தாண்டிய ஒரு கிழவரின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கிவந்து, முதல் சட்டையை இதில் தை என்று கொடுத்தாள். "ஓரம் மட்டும் அடிச்சிராதடி. நாப்பது நாள் சட்டைக்கு ஓரம் அடிச்சா ஆயுசு அதோட நின்னுபோகும்." முக்காரத்துக்கும் இது தெரியாததல்ல. அவளுடைய முதல் சட்டையும் அப்படிப் பிசிறு தொங்கியதுதான். ஆனால் தன் கையால் தைத்த ஒன்று நூல் நூலாகப் பிரிந்து பிள்ளையின் தொடையில் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மதியம் சட்டையைக் கழற்றி, பட்டு நூலால் சுற்றிலும் ஓரம் அடித்தாள். அவ்வளவு நேர்த்தியான தையலை அவள் வாழ்நாளில் வேறெதற்கும் போட்டதில்லை. அந்த வாரமே காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது. டாக்டர் நுரையீரல் என்றார். ஹோசியத் அந்தச் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால்கூட முக்காரத்துக்கு ஆறியிருக்கும்.

அடக்கம் செய்யச் சுற்றும் கஃபன் துணிக்குத் தையல் கிடையாது. தன் வயிற்றில் பிறந்தது ஒரு தையல்கூட இல்லாமல் மண்ணுக்குள் போனதை அவளால் தாங்க முடியவில்லை. மறுவருஷம் வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு, ஆலையிலிருந்து எர்காஷ் கொண்டுவந்த அட்லஸ் பட்டுத் துண்டில், ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு கவுன் தைத்தாள். ஓரம் அடிக்கவில்லை. இனி இவளுக்கு எதிலும் அடிப்பதில்லை என்று மெஷின்மேல் கைவைத்துச் சொல்லிவிட்டு, மெத்தைகள் அடுக்கியிருந்த மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். குளிர் ஆரம்பித்ததும் கம்பளி எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது, கவுன் கசங்கி, நெஞ்சில் முசுக்கட்டைப் பழச் சாறு வழிந்து, கீழே முட்டி உரசும் இடத்தில் மண்ணேறிக் கிடந்தது. மோந்து பார்த்தாள். பால் வாடையும் பிள்ளை வேர்வையும். எர்காஷிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தவழுது," என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வருஷத்துக்கு இரண்டு கவுன் என்று ஆனது. அளவெடுக்க உடம்பு இல்லாமல் தைப்பது லேசான காரியமல்ல. போன கவுனில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே துணி வெளுத்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவித்தான் அவள் மகளின் தோளையும் இடுப்பையும் அறிந்துகொண்டாள். சில வருஷம் பிள்ளை மடமடவென்று வளர்ந்துவிடும். கக்கத்தில் கிழிந்து வரும். அப்போதெல்லாம் முக்காரம், இறுக்கமான கவுனோடு எத்தனை நாள் சொல்லத் தெரியாமல் இருந்தாளோ என்று மூக்கைச் சிந்துவாள். துணி கிடைக்காத வருஷங்களில் ஜன்னல் திரையை வெட்டித் தைத்தாள். எர்காஷ்கூட இதில் விவரம் பேச ஆரம்பித்தான். "பச்ச எடுக்காதடி. போன வருஷப் பச்ச புதுசு மாதிரியே இருக்கு பாரு, அவளுக்குப் புடிக்கல." வேறு பிள்ளை அவர்களுக்குப் பிறக்கவில்லை.

பெட்டி சில பகல்களில் உள்ளிருந்து லேசாக முனகும். முக்காரம் தையலை நிறுத்திக் காதை வைப்பாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அந்த ஓரத்தை அடித்தது யார் என்று பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தால் மன்னித்தாளா, இல்லை வேறு வழியில்லாமல் போட்டுக்கொள்கிறாளா? கவுன்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதினான்கு வயதில் ஒன்று, போட்ட மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்தது. முக்காரம் அதைத் தூக்கிக்கொண்டு ஹோசியத்திடம் ஓடினாள். ஹோசியத் விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி, இவ்ளோ பெரிய காலர் வச்சு இப்ப யாருடி போடுறா? வயசுப் பொண்ணுக்கு இதக் குடுத்தா மூஞ்சிலதான் எறிவா." மறுநாள் முக்காரம் பஜாருக்குப் போய், பெண்பிள்ளைகளின் கழுத்தையும் கையையும் வெறித்துப் பார்த்துவிட்டு வந்து, புது வெட்டில் தைத்தாள். அது நைந்து வந்தது. அதில் புதிதாக இன்னொன்றும் இருந்தது. கீழ் ஓரத்தின் பிசிறை யாரோ மடித்து, கோணல்மாணலாக, பெரிய பெரிய தையலாக அடித்திருந்தார்கள். முக்காரம் அதை மடியில் போட்டுக்கொண்டு அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை. பிசிறு பொறுக்காத புத்தி பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, நீ செய்ததைப் பார் என்று குத்திக்காட்டுகிறாள் என்று நொந்துகொள்வதா, அவளுக்கு விளங்கவில்லை.

இருபதாவது நவ்ரூஸுக்கு வைத்த வெள்ளைப் பட்டு, ஒரே ஒரு நாள் உடுத்தி, பிலாவ் விருந்துச் சோற்று வாடையோடு திரும்பியது. தன்னை அழைக்காமல் கல்யாணம் நடந்துவிட்டதே என்று முக்காரம் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். எர்காஷ் ஆடு அறுத்துத் தெருவுக்கே சோறு போட்டான். மாப்பிள்ளை யார் என்று கேட்டவர்களிடம், நல்ல குடும்பந்தான் என்றான். எல்லாரும் கைதூக்கி துஆ செய்து, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு ஆட்சி மாறியது, ஆலை பாதி மூடியது, எர்காஷ் இறந்துபோனான். முக்காரத்தின் கண்ணில் வெண்மை படர்ந்தது. ஊசியில் நூல் கோக்க எதிர்வீட்டுக்கு நடந்தாள். கடைசியில் நூல் கோத்துத் தந்தாலும் கை ஆட ஆரம்பித்தது. அந்தக் குளிர்காலத்தில் அவளால் ஒரு தையலும் போட முடியவில்லை. மகள் மாற்றுத் துணி இல்லாமல் இருப்பாளே என்று நினைத்து நினைத்து அழுதாள். வெட்டாத அட்லஸ் துணியை அப்படியே பெட்டிக்குள் வைத்து, "என்னால ஆகலடி. நீயே பாத்துக்கோ," என்று சொல்லி மூடினாள். அதன் பிறகு மதியம் சாயும்போதெல்லாம் தோளிலும் நெஞ்சிலும் மெல்லிய நூல் ஒன்று படிந்து விலகுவது போலிருந்தது. ஒட்டடை என்று தட்டிவிட்டாள்.

வாதுமை பூத்தபோது பெட்டியைத் திறந்தாள். துணி இல்லை. ஒரு நீள அங்கி மடித்து வைத்திருந்தது. விரித்து அளந்தாள். முக்காரத்தின் அளவு. வளைந்துபோன முதுகுக்குத் தோதாகப் பின்பக்கம் கொஞ்சம் இறக்கி, வீங்கிய மணிக்கட்டுக்குக் கை அகலம் விட்டுத் தைத்திருந்தது. ஓரம் எங்கும் அடித்திருந்தது. முக்காரம் அதைத் தலைவழியே போட்டுக்கொண்டு, கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, நெடுநாள் கழித்து அவளுடைய பழைய குரல் வந்தது. "கக்கம் புடிக்குதுடி! வளைவ இவ்ளோ ஒட்டியா வெட்டுவாங்க? பிரிச்சுத் தை." சோப்புத் துண்டால் அடையாளம் போட்டு உள்ளே வைத்தாள். வெள்ளிக்கிழமை எடுத்தபோது கக்கம் சரியாக இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, தையல் சுத்தமாக இருக்கிறதே, யார் தைத்தது என்று கேட்டாள். மகள் என்றாள் முக்காரம்.

"எனக்கும் ஒண்ணு தச்சுத் தருவாளா பாட்டி?"

"ஊருக்கெல்லாம் தைக்க மாட்டா," என்றாள் முக்காரம், தேநீரை ஊதியபடி. "அம்மாவுக்கு மட்டுந்தான்."