ஓரெழுத்து

"தாத்தா, இது கண்ணாடிக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

திரையில் நடமாடிய பொம்மைப் பிராணியைக் காட்டிப் பேத்தி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. தாத்தா பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினித் திரையின் முன்னும் பின்னும் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. படியில நிக்குது," என்றார்.

கூடத்தில் கிடத்தியிருந்த மாமனாரின் உடல்மேல் வெள்ளை விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த மருமகளுக்கு ஏனோ அது நினைவுக்கு வந்தது. விரிப்பு நேராகத்தான் இருந்தது. ஆனாலும் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வருடக்கணக்காக விரிப்பு மடித்த கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தை மறுபடி நீவிவிட்டாள்.

"மகராசன். யாருக்கும் பாரமா இல்லாமப் போய்ச் சேந்துட்டாரு," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். "நீயும்தான் என்ன, பெத்த பொண்ணு கெட்டுது போ. அப்படிப் பாத்துக்கிட்டே."

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவள் அடுப்படிப் பக்கம் போய் ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்துக் கழுவினாள்.

மாமாவின் அறைக்குள் மட்டும் போகவில்லை.

அந்த அறையில் ஜன்னலோரம் பழைய கணினி ஒன்று இருந்தது. பாட்டி போன பிறகு தாத்தாவுக்குப் பொழுது போகட்டும் என்று பேத்திதான் அப்பாவை நச்சரித்து அதில் அந்தப் பிராணியைக் கொண்டுவந்து விட வைத்தாள். கரடி என்றால் கரடி, பெருச்சாளி என்றால் பெருச்சாளி. திரையின் அடிப்பக்கம் உருண்டு உருண்டு நடக்கும். ஏதாவது ஒரு கட்டத்தைத் திறந்தால் அதன் விளிம்பில் ஏறி ஒற்றைக் கையால் தொங்கும். விழும். பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஏறும். ஒரு வேலைக்கும் உதவாத ஜென்மம். மாமா அதற்கு ஃபுட்போர்டு என்று பெயர் வைத்தார். வாழ்நாளெல்லாம் படியில் தொங்கியவர்களோடு மல்லுக்கட்டியவருக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

"டேய் ஃபுட்போர்டு, உள்ள போ. உள்ள போடா. பின்னால இடம் காலியாத்தான் கிடக்கு. விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

நாளெல்லாம் அந்த அறையிலிருந்து இந்தக் குரல் வந்துகொண்டிருக்கும். முதலில் சிரித்தார்கள். பிறகு காதில் வாங்குவதை விட்டார்கள்.

இன்று காலை கணவன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவள் அடுப்பின் முன் நின்றிருந்தாள். முந்தின நாள் மாலை ஷிப்டின் அலுப்பு இடுப்பில் அப்படியே இருந்தது. அறையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. 'உள்ள' என்பதுவரை தெளிவாகவே கேட்டது. அடுத்து வந்த ஓர் எழுத்தைக் குக்கர் விசில் விழுங்கிவிட்டது.

'ஆரம்பிச்சுட்டாரு' என்று நினைத்துக்கொண்டு அவள் அடுப்பைத் தணித்தாள். சிங்க்கில் கிடந்ததைக் கழுவினாள். அப்புறம்தான் டீ கொண்டு போனாள். மாமா மேஜைமேல் தலை வைத்துச் சாய்ந்திருந்தார். மவுஸ் அதன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதயம், நொடியில் நின்றிருக்கும், முன்னாலேயே போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். அவர் நல்ல மனிதர். உண்மையைச் சொன்னாரோ, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ.

போ என்றாரா, வா என்றாரா?

போ என்றால் அது ஃபுட்போர்டுக்கு. வா என்றால் அவளுக்கு.

வெளியூரில் படிக்கும் மகள் மதியத்துக்குள் வந்து சேர்ந்தாள். தாத்தாவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குள் போய் வந்தாள்.

"கம்ப்யூட்டரை யாரும் நிறுத்தலையாம்மா?"

"விடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"ஃபுட்போர்டு தூங்கிட்டிருக்கு."

"அது எங்க தூங்கும்? விடிய விடிய முழிச்சிருக்கிற சனியன். அதுக்காகத்தானே தாத்தா ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சாரு."

மகள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "மவுஸைத் தொடாம விட்டா கொஞ்ச நேரத்துல தானாத் தூங்கிடும்மா. அசைச்சுக்கிட்டே இருந்தாத்தான் முழிச்சிருக்கும். நான்தான் தாத்தாவுக்குச் சொல்லிக் குடுத்தேன், அவருக்கு நல்லாத் தெரியும்."

யாரோ கூப்பிட, மகள் எழுந்து போனாள். இவள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

மாலை ஷிப்ட் முடிந்து அவள் வீடு வந்து சேரும்போது தெருவே அடங்கிவிட்டிருக்கும். கணவனுக்கு விடியலிலேயே வேலை, தூங்கியிருப்பான். மாமாவின் ஜன்னலில் மட்டும் நீல வெளிச்சம் தெரியும். கேட்டில் கை வைப்பதற்குள் கதவு திறக்கும்.

"இந்தப் பய தூங்க மாட்டேங்கிறாம்மா. நான் என்ன பண்ண, சொல்லு."

"வயசான காலத்துல ஒரு பொம்மைக்காகக் கண்ணு முழிக்கணுமா மாமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அவள் எத்தனையோ நாள் சலித்துக்கொண்டிருக்கிறாள். சில நாள் கடிந்தும் பேசியிருக்கிறாள். அவர் பொக்கை வாயால் சிரிப்பார். அவள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அந்த வெளிச்சம் அணையும்.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கணவன் கூடத்துச் சுவரில் சாய்ந்தவன் அப்படியே உறங்கிப்போனான். மகள் அவன் தோளில் சாய்ந்திருந்தாள். அடுப்படியில் மருமகளும் நாத்தனாரும் டீ டம்ளர்களைக் கழுவினார்கள். நாத்தனாருக்கு வாய் நீளம். அப்பாவையே 'பல்லு போன வயசுல பொம்மையோட குடித்தனம்' என்று கிண்டல் செய்தவள். இன்று டம்ளரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா அண்ணி?"

அவள் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வைத்தாள். நாளெல்லாம் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. அடுப்பு, விசில், அந்த ஓர் எழுத்து.

"என்னைத்தான் கூப்பிட்டாரோ என்னவோ. நான் போகல. அந்தப் பொம்மைகிட்டப் பேசறாருன்னு நினைச்சு, நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிட்டிருந்தேன்."

நாத்தனார் குழாயை மூடினாள். சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா வேலையில இருந்தப்ப தூக்கத்துலயும் டூட்டிதான் பாப்பாரு, தெரியுமா? 'உள்ள போ, உள்ள வா, நகரு நகரு'ன்னு ஒரே கத்தல். அம்மா திரும்பிப் படுத்துக்கும். நாங்க போர்வைக்குள்ள சிரிப்போம். ஒரு ராத்திரி அவருக்கு நிஜமாவே காய்ச்சல். தண்ணி கேட்டுக் கூப்பிட்டிருக்காரு. டூட்டி பாக்குறாருன்னு நினைச்சு ஒருத்தரும் எழுந்திரிக்கல. தானே தட்டுத் தடுமாறிப் போய்க் குடிச்சிருக்காரு."

"அப்புறம்?"

"காலைல அம்மா விஷயம் தெரிஞ்சு அழுதுச்சு. இவரு, 'வண்டியில சரியான கூட்டம், யாராலயும் நகர முடியல, பாவம்'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

சொல்லிவிட்டு நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "'வா'ன்னே சொல்லியிருக்கட்டும் அண்ணி. உங்க மேல அவருக்குக் கோவம் வரும்னு நினைக்கிறீங்களா? எங்க அப்பாவை எனக்குத் தெரியும். குடுங்க அந்த டம்ளரை. நின்னுக்கிட்டே தூங்கறீங்க. போய்ப் படுங்க."

கடவுள் இரக்கமுள்ளவர். அந்த இரக்கத்தைச் சில சமயம் ஒரு நாத்தனாரின் நீளமான நாக்கில்கூட வைத்து அனுப்புகிறார்.

அவள் படுக்கப் போகவில்லை. மாமாவின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பியில் தொங்கிய மவுஸை எடுத்து மேஜைமேல் வைத்தபோது மங்கிக் கிடந்த திரை வெளிச்சமானது. மூலையில் சுருண்டு கிடந்த ஃபுட்போர்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தது. மாமா திறந்துவைத்திருந்த ஏதோ ஒரு கட்டத்தின் விளிம்பில் ஏறித் தொங்கியது.

எழுப்பிவிட்டோமே என்றிருந்தது அவளுக்கு.

கண்கள் எரிந்தன. முதுகு கெஞ்சியது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாம் அணைந்துவிடும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மவுஸ் பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோகவில்லை.

அது தொங்கியது. விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஏறியது. ஜன்னலில் பொழுது சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அவள் தலை ஒருமுறை சரிந்தது, நிமிர்த்திக்கொண்டாள். ஃபுட்போர்டு மெல்ல இறங்கியது. கொட்டாவி விட்டது. உருண்டு உருண்டு மூலைக்குப் போய், வாலை இழுத்து முகத்தின்மேல் போர்த்திக்கொண்டது.

அதன் வயிறு சீராக ஏறி இறங்கத் தொடங்கியது. அதன் பிறகும் அவள் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.